உள்ளேன் என்று சொல்லாதவள்

செப்டம்பர் 3, புதன்

காலை எட்டுக்கே வெயில் சுடுகிறது. மழை வரும் என்று மூன்று நாளாக ரேடியோவில் சொல்கிறார்கள். அறிகுறி இல்லை.

செய்ய வேண்டியவை:
முன்னறை துடைக்க.
பிரஷர் மாத்திரை, இரண்டு அட்டை.
பென்ஷன் நேர்காணல். இந்த மாதத்துக்குள் போகாவிட்டால் நான் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும்.
குழாய்க்கு வாஷர்.

புதன்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை முன்னறை என்னுடையது இல்லை. பங்குச்சாமியார் கேட்டார், மறுக்க முடியவில்லை. இது ஐந்தாவது வாரம். வேலூரிலிருந்து நிவேதா என்ற பெண் வருகிறாள். மனநல ஆலோசகர். படிப்பு இருக்கிறது, தலை வாருவதில்லை. அவளிடம் பேச, போளூர் சாலையில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து மலர் வருகிறாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அந்த நேரம் நான் சமையலறையில் இருக்க வேண்டும். ஒட்டுக்கேட்கக் கூடாது என்று நி. என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறையைக் கொடுத்திருக்க மாட்டேன்.

என் வீடு ஏன் என்றால், பக்கத்து வீட்டு ஜெயாவின் நான்கு பவர்லூம் தறிகள். முகாமில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் கொண்டுவருவார்களாம். "இங்க பேசினா வாசல்ல நிக்கிறவங்களுக்குக்கூட கேக்காது ஆன்ட்டி. இந்த ஊர்லயே பெஸ்ட் ரூம் உங்களுதுதான்" என்றாள் நி. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி நகராட்சிக்கு நான் எழுதிய மனுக்கள் பதினொன்று.

இன்றும் மலர் செருப்பை வாசலில் விடவில்லை. கையில் எடுத்து வந்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியையும் சுவரோரத்திலிருந்து இழுத்து வாசலைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள். சிவப்புத் தரையில் கோடு விழுந்திருக்கிறது. அவள் போனதும் பழைய இடத்தில் வைத்தேன். வாரா வாரம் இதே வேலை.

நி.யிடம் சொன்னேன். "விடுங்க ஆன்ட்டி. செருப்பு கைக்கு எட்டற தூரத்துல இருந்தாதான் அவங்களால உக்கார முடியும்."

செருப்புக்கும் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். இரண்டு போன். ஒருத்தி பெங்களூரிலிருந்து. "மிஸ், நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாய்ஸ் இன்னும் காதுலயே இருக்கு. எங்க வீட்ல காலிங் பெல் அடிச்சாலே பிரசென்ட் மிஸ்னு சொல்லத் தோணும்."

சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், இதை யார் படிக்கப்போகிறார்கள்.

முப்பத்து நான்கு வருடம். என் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நான் படித்த கான்வென்ட்டில் மதர் சொல்லிக்கொடுத்தது, பதிவேடு என்பது சாட்சி, சாட்சியின் மேல் கிறுக்கக்கூடாது. இன்னொருத்திக்காக பிரசென்ட் சொன்னவளை ஒரு நாள் முழுக்க வராந்தாவில் நிறுத்தியிருக்கிறேன். அவளே இன்று இரண்டாவதாகப் போன் செய்தவள்.

குழாய் இன்னும் சொட்டுகிறது.

செப்டம்பர் 10, புதன்

மேகம். காற்று இல்லை.

இன்று ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை, மாதப் பராமரிப்பு. நேற்றுப் பேப்பரில் வந்திருந்தது. நி.யிடம் சொல்லத் தோன்றவில்லை.

பத்து மணிக்குத் தெருவே செத்த மாதிரி. ஒரு தறியும் ஓடவில்லை. ஜெயா வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் கீரை ஆய்ந்தேன். நடுவில் ஒரு கதவு, அதுவும் பலகைக் கதவு. எல்லாம் கேட்டது.

கேட்டதை எழுதக் கூடாது. எழுதாமல் என்னால் சுமக்கவும் முடியவில்லை.

மலருக்கு அப்போது பதினாறு. துப்பாக்கியோடு வந்தவர்கள் ஊரையே பள்ளிக்கூட முற்றத்தில் உட்கார வைத்தார்கள். ஒருவன் தாளை வைத்துக்கொண்டு பெயர் வாசித்தான். அவள் அண்ணன் பெயர் வந்தது. "கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லவேணும் எண்டுதானே அம்மா பழக்கினவ. அண்ணா ஓம் எண்டவர். எழும்பி வா எண்டாங்கள்." அடுத்தது அவள் பெயர். அம்மா தன் சேலைத் தலைப்பை அவள் வாயோடு சேர்த்து அழுத்திவிட்டாள். மூன்று தரம் வாசித்துவிட்டு, இல்லை என்று அடுத்த பெயருக்குப் போனான்.

"வாய் திறந்தவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை. திறக்காதவள் நான் இருக்கிறன்."

இந்த முகாமில் மாதம் இரண்டு தடவை செக்கிங் உண்டு. அதிகாரிகள் வந்து வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிப்பார்கள். இத்தனை வருடமும் அவள் கணவன் பக்கத்தில் நின்று "நிக்கிறா சார்" என்று சொல்லி வந்திருக்கிறான். அவன் இந்த ஜூன் மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு தாளைக் கையில் எடுத்த உடனே அவள் கால் தானாகப் பின்பக்கக் கழிவறைக்குப் போகிறதாம். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, தன் பெயரை வெளியே வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். தொடர்ந்து மூன்று செக்கிங்கில் ஆப்சென்ட். முகாமை விட்டு ஓடியவள் என்று எழுதிவிட்டார்கள்.

26ஆம் தேதி தாலுகா அலுவலகத்தில் விசாரணை. அங்கேயும் பெயர் கூப்பிடுவார்கள். மூன்று தடவை. பதில் இல்லையென்றால் பெயர் நீக்கம். பெயர் போனால் அகதி அட்டை போகும், முகாம் வீடு போகும். அட்டை இல்லாதவளை எங்கே அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். விட்டு வந்த இடத்தில் அவளுக்கு வீடு இல்லை, இருக்கிற இடத்தில் நாடு இல்லை.

பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் நேரில் அழைத்துப் பார்க்கும்படி நி. கடிதம் கொடுத்திருக்கிறாள். பதில் இல்லை.

கீரை முழுவதும் தண்டும் இலையுமாகக் கலந்துவிட்டது. தூக்கிப் போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று "தோன்றவில்லை" என்று எழுதினேன். முழு உண்மை இல்லை. தோன்றியது. சொன்னால் வேறு நாள் வருவார்கள், எனக்கு இன்னொரு நாளும் கெடும் என்று நினைத்தேன். அதுவும் முழுதில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இவர் உயிரோடு இருந்திருந்தால் "உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றிருப்பார். படத்தைத் துடைத்து வைத்தேன்.

ஒரு யோசனை. பதில் சொல்லாத பெண்களை நான் பார்த்ததில்லையா? ஆறாம் வகுப்பில் ஒருத்தி, வாயே திறக்க மாட்டாள். தினமும் அவள் பெயரை நடுவில் வைத்து, அதே குரலில், அவசரப்படாமல் கூப்பிட்டேன். ஏழாம் நாள் பிரசென்ட் மிஸ் என்றாள். பழக்கம்தான். ஆறு வாரமாக இவர்கள் வெறுமனே பேசிக்கொண்டிருக்கிறார்கள். தேதி நெருங்குகிறது.

செப்டம்பர் 17, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மலர் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள், முதல் பஸ் சீக்கிரம் வந்ததாம். நி. வரவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. டீ கொடுத்தேன். என்னை "ரீச்சர்" என்றாள். திருத்தவில்லை.

நோட்டில் பத்துப் பெயர் தயாராக எழுதி வைத்திருந்தேன். என் பழைய மாணவிகள் பெயர், ஆறாவதாக அவள் பெயர். "ஒரு சின்னப் பயிற்சி செய்வோமா?" என்றேன். அவள் என்னவென்று கேட்பதற்குள் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினேன். என் வகுப்புக் குரலில். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று.

மூன்றாவது பெயரில் அவள் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இதை எழுதாமல் விடக்கூடாது. வெட்கப்படுகிறாள், தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன். ஆறாவது பெயரை வாசித்து நிமிர்ந்தபோது நாற்காலி காலி. செருப்பு கிடக்கிறது. செருப்பில்லாமல் போயிருக்கிறாள்.

கொல்லைப்புறக் கழிவறை. உள்ளே தாழ்.

தட்டினேன். "மலர், நான்தான்" என்றேன். பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எனக்கு எவ்வளவு புத்தி இருக்கிறது.

நி. பத்து மணிக்கு வந்து, கொல்லையில் கழிவறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. வேலூர் பஸ்ஸில் யாரோ கோழியைக் கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், யாருக்கு என்றில்லாமல். முக்கால் மணி நேரம். தாழ் திறந்தது. மலர் என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நி. என்னிடம், "யாரைக் கேட்டு செஞ்சீங்க ஆன்ட்டி?"

"உதவிக்குத்தான்."

"அவங்க கதை உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லல. அவங்க சொல்லல."

மின்தடை என்றேன். அவள் முகம். நான் எத்தனையோ பெண்களை அந்த மாதிரி பார்த்திருக்கிறேன், என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆறு வாரமா அவங்க கத்துக்கினு இருந்தது ஒண்ணே ஒண்ணு. இந்த ரூம்ல அவங்களைக் கேக்காம எதுவும் நடக்காதுன்னு."

என் வீட்டில் என்னை ஒருத்தி அதட்டுவதா என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் அதட்டவும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பென்ஷன் நேர்காணல் முடிந்தது. மின்விசிறி, நாற்காலி, தண்ணீர். என் பெயரைக் கூப்பிட்டார்கள். யெஸ் என்றேன். விரல் ரேகை மூன்று முறை விழவில்லை. "ஆயா, வெரலை நல்லா தொடச்சிட்டு வை." வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். பையன் சிரித்துவிட்டு, "வையுங்கம்மா" என்றான். நான்காவது தடவை விழுந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சீட்டுத் தந்தார்கள்.

வழக்கமாக இதற்காக ஒரு வாரம் பொருமுவேன். இன்று ஒன்றும் தோன்றவில்லை.

மாலை நி. போன். மலர் போனை எடுக்கவில்லை. அடுத்த வாரம் வருவாளா தெரியாது. இன்னும் எட்டு நாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் பிறகு நேராக ஆட்டோ பிடித்தேன். ஜெயா வாசலில் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டே, "டீச்சரம்மா, வெயில்ல எங்க போய்கினு இருக்கீங்க? ஆட்டோலாம் வெச்சிகினு, பொண்ணு பாக்கவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

போகலாமா என்று நி.யிடம் முன்பே கேட்டுவிட்டேன். மலரிடம் ஆள் சொல்லிக் கேட்டு, "வரச் சொல்லுங்கோ" என்று பதில் வந்த பிறகுதான் கிளம்பினேன். இந்த வயதில் இதையும் கற்றுக்கொள்கிறேன்.

முகாம் வாசலில் ஒரு பதிவேடு. பெயர், முகவரி, யாரைப் பார்க்க, காரணம். காரணம் என்ற கட்டத்தில் "மன்னிப்புக் கேட்க" என்று எழுதினேன். அதுதானே காரணம். காவலர் படித்துவிட்டு, "இன்னாம்மா இது, இப்டிலாம் எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. ரொம்ப பேஜாருமா" என்று அதை அடித்துவிட்டு "உறவினர்" என்று மேலே எழுதினார். அசிங்கமான திருத்தல். பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்துக்குப் பத்து அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பளிச்சென்று இருந்தது, என் வீட்டைவிட. மலர் பால் இல்லாத தேநீர் கொடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை வைத்தாள், நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம். நக்கினேன்.

வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. "செய்தது தப்பு. கேட்டதும் தப்பு. மின்தடை என்று எனக்கு முன்பே தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

மலர் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். பிறகு, "உங்கட குரல் நல்ல வடிவான குரல் ரீச்சர். அதுதான் பிழை."

"புரியவில்லை."

"அண்டைக்கு வாசிச்சவனும் அப்பிடித்தான் வாசிச்சவன். கத்தேல்லை. நல்ல மரியாதையா, ஒரு பேரும் பிழைக்காம."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவளே தொடர்ந்தாள். விசாரணைக்குத் துணைக்கு ஒருவர்தான் வரலாமாம். நி.யைக் கூட்டிப்போவதாக இருந்தது. "நிவேதா பிள்ளை நல்ல பிள்ளை. ஆனா எனக்கு ஒண்டு நடந்தா அழுதிடுவா. நீங்க அழமாட்டீங்கள். நீங்க வாங்கோ."

"நானா?"

"ஓம். ஒரு நிபந்தனை. என்ன நடந்தாலும் நீங்க வாய் திறக்கப்படாது. நான் கேட்டா மட்டும்."

ஒப்புக்கொண்டேன். வெளியே வரும்போது அவள் பக்கத்து வீட்டுக்காரி, "ஆர் மலரக்கா, உங்கட சொந்தமோ?" என்றாள். "பதிவில அப்பிடித்தான் கிடக்கு" என்றாள் மலர்.

செப்டம்பர் 24, புதன்

இரவில் மழை பெய்திருக்கிறது. முற்றம் ஈரம்.

மலர் வந்தாள். பத்து மணிக்குச் சரியாக. நாற்காலியை நான் முன்பே வாசலைப் பார்க்கப் போட்டு வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள், அரை அடி நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பு அடியில்.

தறிகள் முழு வேகத்தில். ஒரு சொல்லும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் கொல்லைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் என்னையும் அழைத்தார்கள். நி. சொன்னது: பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய் அட்டையை மேசைமேல் வைத்தால் போதும். எப்போது எழுவது என்பது மலரின் முடிவு. "கால் நகரலைன்னா தரையை அழுத்திப் பாருங்க. செருப்பு இருக்கா, தரை இருக்கா, இது எந்த வருஷம், வெளிய என்ன சத்தம். அவ்ளோதான்."

"மூண்டு தரத்துக்குள்ள எழும்பாட்டி?"

நி. பொய் சொல்லவில்லை. "தெரியாது அக்கா."

கொண்டுபோக வேண்டியவை: அட்டை, ஜெராக்ஸ் இரண்டு. கடிதத்தின் நகல். தண்ணீர். குடை. பிஸ்கட்.

செப்டம்பர் 26, வெள்ளி

மழை. விடாமல்.

அலுவலகத்தில் மர பெஞ்சு. இருபது பேர் இருப்பார்கள். ஒரு எழுத்தர், நீளமான பதிவேடு, நிமிராத தலை. உள்ளறையில் பெண் அதிகாரி. மலர் வாசலைப் பார்க்க உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில். அவள் கையைப் பிடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பதினொன்று இருபதுக்கு அவள் பெயர். மலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புக் கால் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன, கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது.

இரண்டாவது தடவை.

எழுத்தர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அங்கிருந்த பெண்களில் யார் உள்ளேன் என்று சொன்னாலும் டிக் போட்டிருப்பான். ஒரு வார்த்தை. அவள் கணவன் இத்தனை வருடம் சொன்ன வார்த்தை. என் நாக்கின் நுனியில் இருந்தது. வராந்தாவில் ஒருத்தியை ஒரு நாள் முழுக்க நிறுத்திய அதே வார்த்தை.

மூன்றாவது தடவை.

சொல்லவில்லை. சொன்ன வாக்குக்காகவா, அல்லது இன்னமும் என் பதிவேட்டு ஒழுங்குக்காகவா? இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. அவள் வீடு போகிறது, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. எழுத்தர் ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். பேனா ஓடிய விதத்திலேயே அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு பெயர். இன்னொன்று. நான் எண்ணினேன். ஏழு பெயர்.

அப்போது மலர் எழுந்தாள். யாரும் கூப்பிடாதபோது. மேசை வரை நடந்துபோய் அட்டையைப் பதிவேட்டின் மேலேயே வைத்தாள். எழுத்தர் வேறு வழியின்றி நிமிர்ந்தான்.

"மலர். நான் வந்திருக்கிறன்."

"கூப்டப்போ எங்கம்மா போயிருந்த?"

"இங்கதான் இருந்தனான்."

"அப்ப சொல்றதுக்கென்ன?"

"இப்ப சொல்லுறன்."

"ஆப்சென்ட் போட்டாச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. ஜல்தி நகருமா, பின்னாடி ஆள் இருக்காங்க."

மலர் நகரவில்லை. அட்டைமேல் வைத்த கையையும் எடுக்கவில்லை. அவள் அங்கேயே நின்றாள். சத்தம் கேட்டு அதிகாரி எழுந்து வந்தார். அப்போதுதான் மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரீச்சர், கடிதத்தைச் சொல்லுங்கோ."

எழுந்து நின்றேன். "கோப்பில் மனநல ஆலோசகரின் கடிதம் ஒன்று இருக்கிறது. கடைசித் தாளாக இருக்கும். பிரிக்காமல் இருக்கும்." அவ்வளவுதான் சொன்னேன். வேறு நிறையச் சொல்ல இருந்தது.

கடைசித் தாளாகத்தான் இருந்தது. பிரிக்காமல்தான் இருந்தது. அதிகாரி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் நேரம் ஆயிற்று. மலரைப் பார்த்தார். பெயர் சொல்லாமல், "உக்காருங்கம்மா" என்றார்.

எழுத்தரிடம், "மாத்திடுங்க."

"மேடம், அடிச்சுத் திருத்தினா ஆடிட்ல கேப்பாங்க."

"சுருக்கொப்பம் நான் போடறேன். கேட்டா என்னைக் கேக்கச் சொல்லுங்க."

பார்த்தேன். A. அதன் குறுக்கே ஒரு கோடு. இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே ஒரு P. பக்கத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம், ஈரம் காயாமல் அடுத்த வரியிலும் இழுபட்டிருந்தது. என் வகுப்பில் என்றால் அந்தப் பக்கத்தையே ஏற்றிருக்க மாட்டேன்.

முடிவு இன்று இல்லை. உத்தரவு தபாலில் வரும். எப்போது என்று சொல்லவில்லை. அதுவரை பெயர் நீக்கப்படாது. அடுத்த செக்கிங் 7ஆம் தேதி, வழக்கம்போல் வரிசையில், வழக்கம்போல் தாளோடு. இந்தக் கடிதம் அந்த அதிகாரிகளுக்குப் போகுமா என்று கேட்டதற்கு, "எழுதுகிறேன்" என்றார் அந்த அம்மாள்.

பஸ்ஸில் மலர் சன்னலோரம். பிஸ்கட்டில் பாதியை எனக்குக் கொடுத்தாள். "மூண்டாம் தரம் கூப்பிடேக்கை உங்கட வாய் அசைஞ்சது ரீச்சர்."

"சத்தம் வரவில்லை."

"ஓம். கண்டனான்."

நி.க்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். அழுதாள். மலர் சொன்னது சரி.

குழாய்க்கு வாஷர் இன்னும் வாங்கவில்லை. அடுத்த மின்தடை எந்தத் தேதி என்று ஜெயாவிடம் கேட்டு, புதன் என்றால் இன்றே நி.யிடம் சொல்ல வேண்டும்.